ஏணியின் கீழ்ப்படி

படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய ஓட்டோகாம்பர் வண்டிகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில், டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்தேன். அங்கே மன்னாரைச் சேர்ந்த வெல்டர் ஒருவர் இருந்தார். தீப்பொறி பட்டு அவருடைய மீசை ஒரு பக்கம் எப்போதும் குட்டையாக இருக்கும். வண்டியின் பின்னால் கூரைக்கு ஏறும் இரும்பு ஏணிகள் அவர் பொறுப்பு. துருவைத் தேய்த்துப் பெயின்ற் அடிப்பார். உக்கிப்போனதைக் கழற்றிப் புதிது பூட்டுவார். ஊரில் விட்டுவந்த மகளைப் பற்றிக் கதைக்கும்போது கையைத் தன் தொடையருகே பிடித்து, "இவ்வளவுதான் இருப்பாள்" என்பார்.

அந்த வருடங்களில் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. அவர் புலம்பவில்லை. யாரும் சீண்டாத ஒரு வண்டியை முதலாளியிடம் வாங்கி, அதன் ஏணிக்குக் கீழே மேலதிகமாக சின்னக் கால் எட்டும்படி ஒரு படி வைத்து வெல்ட் செய்தார். மகள் கூரையில் ஏறிக் கடல் பார்க்க வேண்டுமாம்.

சில வருடங்கள் கழித்து, அந்த ஏணிக்கு மறுபடி பெயின்ற் அடிக்குமுன் அவர் கீழ்ப்படியை அரிந்து எடுப்பதைக் கண்டேன்.

"என்னண்ணை, கொப்பன்ஹேகனிலை ஏலாதெண்டு சொல்லிப்போட்டாங்களோ?"

"இல்லைத் தம்பி, இன்னும் ஒண்டும் வரேல்லை. பிள்ளை வளந்திருப்பாள். இனி இது காலிலை தட்டும்." கழன்ற படியைக் கீழே போட்டுவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தார்.

"இப்ப எவ்வளவு உயரம் இருப்பா?"

வழக்கம்போலக் கை தொடையருகே போனது. பிறகு இடுப்புக்கு உயர்ந்தது, நெஞ்சுக்கு உயர்ந்தது, கொஞ்சம் இறங்கியது. கடைசியில் அதைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, பிரஷ்ஷைத் தேடினார். பிரஷ் அவருடைய மற்றக் கையில் இருந்தது.