நாதஸ்வரம் ஒலித்தால் வீடு, மணி அடித்தால் பெட்டி

எங்கள் திண்டிவனத்தில் முதன்முதலாக ஐஸ் பெட்டி வாங்கி வாடகைக்கு விட்டவன் நான்தான். சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இறந்தவரின் உடலைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தொண்ணூற்று மூன்றில் சைக்கிள் கேரியரில் எட்டு மடக்கு நாற்காலியைக் கட்டிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்தவன், பந்தல், மேடை, ஜெனரேட்டர், இரண்டு பெட்டி என்று வளர்ந்தேன் என்றால் சும்மாவா? வல்லத்திலிருந்து மரக்காணம் வரை என் வண்டி போகாத தெரு இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் பெட்டிக்காரன் நம்பரை எங்கள் பக்கத்தில் யாரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தால் சாவை வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி என்று பயம். சகுனமெல்லாம் நமக்கில்லை என்று சொல்லும் எங்கள் வேதக்காரக் கிறிஸ்தவர்களும் இதில் அப்படித்தான். தேவைப்படும்போது சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்து அடிப்பார்கள்; அடக்கம் முடிந்ததும் போனிலிருந்து அழித்துவிடுவார்கள். கூடப் பிறந்த தம்பியே அழித்தான். அதனால் பெட்டிக்கு ஒரு நம்பர், வீட்டுக்கும் பந்தலுக்கும் ஒரு நம்பர் என்று பிரித்தேன். இரண்டு போன், இரண்டு சட்டைப்பை. இதற்காகவே தையல்காரரிடம் சொல்லி வலது பக்கமும் ஒரு பை வைத்தேன்.

பிறகுதான் ஒரே போனில் இரண்டு சிம் போடலாம் என்று வந்தது. கேள்விப்பட்ட அன்றைக்கே விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி இரண்டு சிம்மையும் பக்கத்தில் பக்கத்தில் செருகிக் காட்டியபோது, முதல் பெட்டியில் குளிர் ஏறியதைத் தொட்டுப் பார்த்த அன்று வந்த சந்தோஷம் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டிக்கொண்டே வந்தேன்.

ஏற்பாடெல்லாம் என் மகள் செய்தாள். திரையில் வரும் பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வைத்துவிடுவார். அதனால் முதல் குழியில் இருக்கும் சிம்முக்குப் பழைய டெலிபோன் மணி, இரண்டாவது குழிக்கு நாதஸ்வரம். மணி அடித்தால் பெட்டி, நாதஸ்வரம் ஒலித்தால் வீடு. மணிக்கு நான் வணக்கம் சொல்வதில்லை, நலம் விசாரிப்பதில்லை. சாவு வீட்டில் யார் நலமாக இருப்பார்கள்? நேராகக் கேள்விதான். அதுதான் என் தொழில் சுத்தம்.

அந்த மகளுக்குத்தான் விழுப்புரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கரண்டு ஆபீஸில் வேலை. அவர் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பையனைப் பிடித்துப்போனது அவள் முகத்திலேயே தெரிந்தது. தரகர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பந்தல் போடறேன்னு சொல்லு. பொட்டி விஷயத்த நிச்சயம் முடியற வரிக்கும் வாயத் தொறக்காத" என்றார். எனக்குக் குறுகுறுத்தது. பெண்ணுக்காக ஒத்துக்கொண்டேன்.

அவர்கள் பெண் பார்க்க வரும் நாள். காலை ஐந்து மணிக்கே எழுந்து வாசலில் நானே பந்தல் போட்டேன். மாதா படத்துக்கு மாலை போட்டாயிற்று. பார்த்தால் போனில் சிக்னல் இல்லை. பத்து மணிக்கு அவர்கள் கிளம்பும்போது போன் செய்வார்களே! யாரையும் கேட்கவில்லை. ஜெனரேட்டரையே பிரித்து மாட்டுகிறவன், இது என்ன பிரமாதம்? மூடியைக் கழற்றி, இரண்டு சிம்மையும் எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, ஊதி, திரும்பப் போட்டேன். சிக்னல் வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சரியாகப் பத்து மணிக்கு டெலிபோன் மணி அடித்தது.

"எந்த ஊரு?" என்றேன்.

"விழுப்புரங்க. கெளம்பிட்டோம்."

"எத்தினி மணிக்கு?"

"இப்பதாங்க. பத்துக்கு."

"ஆம்பளயா, பொம்பளயா?"

"ரெண்டுந்தாங்க. பதினோரு பேரு."

"பதினோரு பேரா? அய்யோ, இன்னா சார் ஆச்சு, பஸ் கவுந்துடுச்சா? எங்கிட்ட ரெண்டு பொட்டிதான் சார் கீது!"

அந்தப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "பொண்ணு வூடு தானுங்களே?" என்று கேட்டார். சட்டென்று போனை வைத்துவிட்டேன். குழி மாற்றிப் போட்டிருக்கிறேன்! இரண்டு சிம்மும் பார்க்க ஒரே மாதிரி. மணி அடித்தது வீட்டு நம்பர்.

என் மனைவி கேசரிக் கரண்டியோடு வந்தாள். "இன்னாங்க இது! வர்ற சம்பந்திக்குப் பொட்டி ஏற்பாடு பண்ணிக்கினு கீறீங்க! ஊருக்கே பெரிய கான்ட்ராக்ட்டரு, ஒரு சிம்மு போடத் தெரில!"

மகள் கட்டியிருந்த பட்டுப்புடவையோடு கதவோரமாக நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைச் சுட்டது. இனி வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். திரும்பப் போன் செய்து என்ன சொல்வது? சிம்மை மாற்றிப் போடவும் பயம்; அதற்குள் அவர்கள் கூப்பிட்டால்?

பதினொன்றேகாலுக்கு வேன் வந்தது. பதினோரு பேரும் இறங்கினார்கள். எனக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்தவர்கள் கேசரியைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அத்தை, வெற்றிலை போட்ட வாய், நேராக என்னைப் பார்த்தார்.

"ஏண்ணே, போன்ல எங்க பதினோரு பேருக்கும் கணக்குப் போட்டீங்களாமே. மெய்யா இன்னா தொழிலு?"

தரகர் எனக்குக் கண்ணைக் காட்டினார். அந்த நேரம் என் சட்டைப்பையில் நாதஸ்வரம் ஒலித்தது. கூட்டத்தின் முகம் மலர்ந்தது. "நல்ல சகுனம்" என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும், அது சாவு.

எடுக்காமல் விடலாம். இத்தனை வருஷத்தில் அந்த நம்பரை நான் எடுக்காமல் விட்டதே இல்லை. மகளைப் பார்த்தேன். "எடுப்பா" என்றாள்.

எல்லார் முன்னாலும் எடுத்தேன். "எந்த ஊரு? எத்தினி மணிக்கு? வூட்ல கரண்டு கீதா? யாரு வர்ற வரிக்கும் வெக்கணும்?" கண்டாச்சிபுரம், எண்பது வயதுப் பெரியவர், மகன் வெளியூரிலிருந்து நாளை காலைதான் வருகிறார். டிரைவரைக் கூப்பிட்டேன். "ஜல்தி எடுப்பா. ஜெனரேட்டரையும் ஏத்திக்க, அங்க சாயந்திரமானா கரண்டு பேஜாரு." வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இதாம்மா தொழிலு. பந்தலும் போடறேன், பொட்டியும் வெக்கறேன். மறச்சது தப்பு. தொழிலு தப்பில்ல."

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் கேசரித் தட்டை எடுத்தார். "முப்பது வருசம் ஸ்டேஷன் போன்ல பேசனவன் நானு. நாலே கேள்வி, வண்டி கெளம்பிடுச்சு. எங்க ஸ்டேஷன்ல இப்பிடி ஒருத்தர் இல்லியே!"

"நீ வேற, அண்ணே" என்றார் அத்தை. பிறகு இடுப்பிலிருந்து சின்னப் போனை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "டேய், உம் மாமனாரு நம்பர இதுல ஏத்து."

மாப்பிள்ளை பந்தல் நம்பரைப் பதிந்தார்.

"அதான் ஒண்ணாச்சே. அந்த இன்னொண்ணு?"

"அத்தே, அது பொட்டி நம்பரு."

"தெரியும், ஏத்து. சம்பந்தி வூட்ல பாதிய மட்டும் வெச்சிக்கினு மீதிய அழிக்க முடியுமா?"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் அந்த நம்பரை மனசாரப் பதிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். நான் எழுந்து நின்று, ஒவ்வொரு எண்ணாக, சத்தமாகச் சொன்னேன்.