விளக்கும் விறகு கொத்தும் சத்தமும்

எங்கள் அண்ணை யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் பிறந்தார். சூரிச்சில் கண்மூடினார். இடையில் அவர் பட்ட பாட்டை முழுக்க எழுதினால் இந்த நினைவு மலர் தொலைபேசிப் புத்தகம் அளவுக்குத் தடிக்கும். அச்சடிக்கக் காசு கொடுத்தவர் சித்தப்பா. அவர் முகத்தைப் பார்த்துச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, என்னையும் கூப்பிட்டு எடுத்தார். பிறகு ஒரு யூத முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை கிடைத்தது. அங்கே பாலுக்கு வேறு பாத்திரம், இறைச்சிக்கு வேறு பாத்திரம். வீட்டுக்கு வந்தும் தயிர்க் கரண்டியை இறைச்சிக் கறிக்குள் விடமாட்டார்.

"தேங்காய்ப்பாலும் பாலோ?" என்று அண்ணி கேட்பா.

"பொறும், ராபியிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

ராபி என்றால் அவர்களுடைய மதகுரு. அண்ணையை நோயாளர் பராமரிப்புக்கு மாற்றிய பிறகு அவரோடு நல்ல பழக்கம். ஒருமுறை உயிர் போய்க்கொண்டிருந்த ஒரு முதியவரின் தலையணையைச் சரிசெய்ய அண்ணை கையை வைத்தபோது ராபி தடுத்தாராம். சாகப் போகிறவர் அணையப் போகும் விளக்கு, விரல் பட்டாலே அணைந்துவிடும், அதனால் அசைக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். ஆனால் வெளியே யாரோ விறகு கொத்தும் சத்தம் அந்த உயிரைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தால், அந்தச் சத்தத்தை நிறுத்தலாமாம். அண்ணை இதை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மூச்சு மெசின் பூட்டுவதற்கு முன் எங்களைக் கிட்டக் கூப்பிட்டார்.

"விளக்கை ஒருத்தரும் தொடக்கூடாது. ஆனா வெளியில ஆரும் விறகு கொத்தினா நிப்பாட்டிப் போடுங்கோ."

"இஞ்ச ஆரண்ணை விறகு கொத்துறது? எல்லாற்ற வீட்டிலயும் ஹீட்டர்தானே."

சிரிக்கப் போய் இருமினார். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

நுரையீரல் இனித் தேறாது, மெசினைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, சித்தப்பா எழும்பிவிட்டார்.

"நிப்பாட்டினாக் கொலையடா!"

"அண்ணை சொன்னவரெல்லே, சித்தப்பா."

"என்ன சொன்னவன்? மெசின் விளக்கோ, விறகு கொத்துறவனோ? பெரிய வாய்க்காரன், சொல்லடா பாப்பம்."

அண்ணி ராபியைக் கூப்பிடச் சொன்னா.

"சைவக்காரன்ர சாவுக்கு யூதக் குருக்களோ பிள்ளை?" என்றார் சித்தப்பா.

"உங்கட பெறாமகன் அங்கதானே மாமா இத்தினை சாவு பாத்தவர். அவையிட்டக் கேக்காம ஆரிட்டக் கேக்க?"

ராபி டிராமில் வந்தார். கதிரை போட்டும் இருக்கவில்லை. அண்ணையின் காலடியில் நின்று சுவிஸ் டொச்சில், அதாவது இந்த ஊர் ஜேர்மனில், அவர் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் அது நான் பாதியில் விட்ட பள்ளிக்கூடத்தின் பிழை.

"எங்கட பெரியவையளுக்குள்ளயே இதில ஒரே கருத்தில்லை. ஓடுற மெசினைக் கையால நிப்பாட்டு எண்டு நான் சொல்லமாட்டன். தண்ணியும் ஒட்சிசனும் குடுக்கத்தான் வேணும். நோவுக்கு மருந்தும் குடுக்கத்தான் வேணும். ஆனா தானா நிண்ட மெசினைத் திரும்பப் போடவேணும் எண்டு கட்டாயமில்லை எண்டு சொல்லுறவையும் இருக்கினம். இது எங்கட சட்டம். உங்கட முடிவு உங்கட."

பிறகு டாக்டரைப் பார்த்து, மெசினை எப்போதாவது கழற்றுவீர்களா என்று கேட்டார். அண்ணை தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கக் காலையில் கழற்றுவோம், முடியாவிட்டால் திரும்பப் பூட்டுவோம் என்றார் டாக்டர்.

"அப்ப முடிவைக் காலமை, கழட்டினாப் பிறகு எடுங்கோ" என்றார் ராபி.

காலையில் கழற்றினார்கள். அண்ணை மூச்சு விட்டார். நெஞ்சு ஏறி, இறங்கி, மறுபடி ஏறாமல் நின்று, பிறகு ஏறியது. திரும்பப் பூட்டவா என்று டாக்டர் என்னைக் கேட்டார். அண்ணிக்குச் சொல்லத் திரும்பினேன். சுவிஸுக்கு வந்த நாள் முதல் கடையில் பாண் வாங்கவும் அண்ணையின் முதுகுக்குப் பின்னால் நின்றவ அவ. என்னை வாய் திறக்கவிடவில்லை.

"நைன்" என்றா டாக்டரிடம். "நிஹ்ட் மேர்."

இனி வேண்டாம். அவ சொன்னது அவ்வளவுதான்.

நோவு மருந்து கொடுத்தார்கள். மூக்கில் ஒட்சிசன் இருந்தது. சித்தப்பா தீர்த்தத்தில் பஞ்சை நனைத்து அண்ணையின் உதட்டை ஈரமாக்கினார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது.

டாக்டருக்கும், தாதிமாருக்கும், டிராமில் வந்த ராபிக்கும், செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அனைவருக்கும் நன்றி. 'திரும்பப் பூட்டியிருக்கலாம்' என்று மண்டபத்து வாசலில் கதைத்தவர்களுக்கும் நன்றி. நீங்களும் அண்ணை இருக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டீர்கள்.

இன்று முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணியோடு கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போங்கள். மெசினைப் பற்றிக் கேட்க ஏதும் இருந்தால் என்னிடம் கேளுங்கள், எனக்கு வாய் இருக்கிறது. அவவிடம் தேத்தண்ணி மட்டும் கேளுங்கள்.