பெஞ்சில் கேட்காத கேள்வி

சைனபுக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. மூன்று வருடமாக அவள் நிம்மதியாக உட்கார்ந்த ஒரே இடம் செம்பூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரின் வாசல் பெஞ்சுதான். வாரத்தில் மூன்று காலை தாராவியிலிருந்து கணவர் கரீம் பாட்சாவைக் கூட்டிப் போய் உள்ளே விட்டுவிட்டு, அவர் வரும்வரை அங்கே காத்திருப்பாள். பாட்சா இறந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது இத்தா, விதவை வாசல்படி தாண்டக் கூடாத காலம். ஓடி ஓடிப் பழகியவளை ஒரு அறையில் இரு என்றால் எப்படி இருப்பாள்?

துடைத்த அடுப்பையே துடைத்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டு, சாயா குடித்ததும் தங்கள் மருமகள்களைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள். சைனபுக்கு யாரையும் பிடிக்கவில்லை. அவள் எதிர்பார்த்தது சுனாபட்டியிலிருந்து சென்டருக்கு வரும் நாகலக்ஷ்மியை. அவள் கணவருக்கும் அதே நாட்களில்தான் டயாலிசிஸ். பெஞ்சில் இருவரும் தோள் உரச உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசியவர்கள். அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

சென்டரின் கவுன்சிலர் சாதனா வாரம் ஒருமுறை போனில் பேசுவாள். "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?" என்று அவள் முடிக்கும் முன்பே சைனப் முந்திக்கொண்டாள்.

"நாகலக்ஷ்மி என்னயக் கேட்டாளா?"

"அங்க வர்றவங்க பேசறத நான் சொல்லக் கூடாது ஆன்ட்டி. நீங்களே போன் பண்ணுங்களேன்."

"நீ சின்னப் புள்ள, ஒனக்குத் தெரியாது. ஒருத்தர் மவுத்தாயிட்டா பெஞ்சுல யாரும் அந்த வீட்டுக்குப் பேச மாட்டோம். இன்னும் மெஷின்ல கெடக்க ஆம்பளைக்கு ஆகாதுன்னு பயம். நானும்தான் பேசுனதில்ல. இப்ப எம்பேரப் பாத்தா அவளுக்கு ஈரக்கொல நடுங்கும்லா."

"நடுங்கினா எடுக்க மாட்டாங்க. அத அவங்க முடிவு பண்ணட்டும் ஆன்ட்டி."

இந்தப் படித்த பெண்களுக்கு எல்லாமே சுலபம் என்று சைனபுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலோடே அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். வெள்ளிக்கிழமை காலை, பெஞ்சில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், பொறுக்க முடியாமல் நம்பரை அமுக்கினாள்.

மணி அடித்து ஓய்ந்தது. போ, நீயும் வேண்டாம் என்று போனைக் கட்டிலில் எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது.

"அக்கா, மாடிப்படிக்கு வந்துட்டேன். பெஞ்சுல எல்லாரும் இருக்காங்க," என்றாள் நாகலக்ஷ்மி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யார்ட்டயும் கேக்க முடியலக்கா. பாய்க்குக் கடைசியில ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

வந்துபோன அத்தனை பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. சைனப் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. கேட்கிறவளின் கணவன் இந்த நிமிடம் உள்ளே படுத்திருக்கிறான்.

"தண்ணி கேட்டாரு," என்றாள். "திரும்பத் திரும்பக் கேட்டாரு. டாக்டர் அளவாத்தான் குடுக்கச் சொல்லியிருக்காருன்னு நான் குடுக்கல. அதுதான் கடைசின்னு எனக்குத் தெரியலம்மா. அப்படி ஒரு நேரம் வந்து ஒம் மாப்பிள்ளை கேட்டா, நீ குடுத்துரு."