ரசம் தீர்ந்த ஞாயிறு

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி வண்டி ஏறினேன். சன்னலோர இடம் கிடைத்தது. எழுபது ரூபாய் டிக்கெட், எழுபத்தைந்து கிலோமீட்டர். ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில் வழக்கம்போல் தலை சுற்றியது. புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, என்னை வரச்சொன்ன தாவீதை மனதுக்குள் திட்டினேன்.

தாவீது என் சித்தி மகன். கம்பத்துக்குப் பக்கத்தில், காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி ஒரு சிற்றூரில் சபைக்குப் பாஸ்டர். ஊர்ப் பெயரைப் போடாதீர்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், போடவில்லை. "ஞாயித்துக்கிழமை திருவிருந்து. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்" என்று மட்டும் போனில் சொன்னான். மாதம் ஒருமுறை பீடத்தின் முன் முழங்காலிட்டு, அப்பம் வாங்கிப் புசித்து, ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோரும் திராட்சை ரசம் பருகுவதுதான் எங்கள் திருவிருந்து. அதில் தெம்பு குறைய என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தேனி. பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்த பிறகுதான் உலகம் நேரானது. அடுத்த வண்டி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், நாற்பது கிலோமீட்டர். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல், தென்னை, வாழை. மேற்கே மலை கூடவே வந்தது. மதுரையின் வெயிலைத் தின்று வளர்ந்த எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்து உண்மையிலேயே பொறாமை.

இரண்டேகால் மணிக்குக் கம்பத்தில் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் கெத்தாக உட்கார்ந்தேன். பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு பெண்.

"யாரு வீட்டுக்குப் போறீக?"

"பாஸ்டர் வீட்டுக்கு."

"அப்ப நீங்களும் ரோசம்மா போட்ட ரசத்தைப் பெரிய தெருக்காரக குடிப்பாகளா மாட்டாகளான்னு பாக்கத்தான் வந்தீகளா? நாங்க வேதக்காரக இல்ல. ஆனாலும் ஊரு பூராம் இதான் பேச்சு."

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முழுக் கதையும் அவரிடமிருந்தே தெரிந்துவிட்டது. திருவிருந்துக்கான ரசத்தை அந்தச் சபையில் கடையில் வாங்குவதில்லை. ஆண்டுதோறும் பெண்களின் பெயரைச் சீட்டில் எழுதி, காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் அந்த ஆண்டு முழுவதும் ரசம் போட வேண்டும். சீட்டில் வருவது கர்த்தருடைய சித்தம், யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. இத்தனை காலமும் பெரிய தெருப் பெண்களின் பெயரை மட்டுமே எழுதினார்கள். காலனிப் பெண்களின் பெயரை எழுதாதது ஏன் என்று எவரும் கேட்கவில்லை. புதிதாக வந்த தாவீது எல்லாப் பெயரையும் எழுதிவிட்டான். இந்த ஆண்டு பையிலிருந்து வந்தது காலனி ரோசம்மாவின் பெயர். நாளைக்குத்தான் அவர் ரசத்தோடு முதல் திருவிருந்து.

மூன்று மணிக்குத் தாவீது வீட்டில் நுழைந்தால், கூடத்தில் ஞானமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், சபையின் மூத்த கமிட்டி உறுப்பினர். மேசைமேல் சீல் உடைக்காத ஒரு பாட்டில்.

"தேனியில இருந்து வாங்கியாந்தேன் பாஸ்டர். நாளைக்கு இத ஊத்திருவோம். சாதி கீதின்னு நினைக்காதீக, சுகாதாரம் ஒண்ணு இருக்குல்ல."

"சீட்டு கர்த்தரோட சித்தம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே அண்ணாச்சி?"

அண்ணாச்சி எழுந்தார். பாட்டிலைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "எத்தனை பேரு எந்திரிச்சு வர்றாகன்னு பாப்போம்" என்று கிளம்பிவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காபி கொடுத்தால்கூட இறங்காத அளவுக்குக் கோபம்.

ஐந்து மணிக்குக் காலனிக்குப் போனேன். ரோசம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். திராட்சைப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று கொத்து நறுக்கும் வேலை. அந்த வேலையில் கழுத்து பிடித்துக்கொண்டு, பேசும்போதும் தலை சற்றுச் சாய்ந்தே இருந்தது. பன்னீர் திராட்சையை ஒவ்வொன்றாகத் துடைத்து, சர்க்கரையோடு பீங்கான் ஜாடியில் இருபத்தொரு நாள் ஊறவைத்து, புது வெள்ளைத் துணியில் வடிகட்டியிருந்தார். இரண்டு பாட்டில் நிறைந்தது. ஒன்றே போதும் என்று தாவீது சொல்லியிருக்கிறான்.

"பெரிய தெருக்காரக சாப்புடுற திராட்சை பூராம் எங்கையால நறுக்குனதுதாங்க்கா. அது தொண்டையில எறங்குது. நாளைக்கு ஒருத்தரும் எந்திரிச்சு வரலைன்னா, அவுக சாமிய வேண்டாம்னு சொல்லல. என்னயத்தான் வேண்டாம்னு சொல்றாக. அதுக்கப்புறம் அந்தக் கோயில்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

அன்று அவர் நறுக்கிவந்த கொத்து ஒன்று திண்ணையில் இருந்தது. ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை. ஓட்டுக்கூரைக் கோயில், வலப்பக்கம் பெண்கள், இடப்பக்கம் ஆண்கள். பெரிய தெரு முன்னால், காலனி பின்னால். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் தவறி முன்னால் உட்கார்ந்தவரும் இல்லை. ரோசம்மா கடைசி வரிசையில் சுவரோரம் இருந்தார். தாவீதின் பிரசங்கம் சுமார்தான். பதற்றத்தில் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னான்.

பத்தேகாலுக்குத் திருவிருந்து. தாவீது ரசத்தைப் பாத்திரத்தில் ஊற்றி ஜெபித்துவிட்டு, "வாருங்கள்" என்று கூப்பிட்டான். முன்வரிசையில் யாரும் அசையவில்லை. முன்வரிசை போகாமல் பின்வரிசை எழுந்திருப்பது வழக்கமில்லை. நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். விருந்தாளி குடித்தால் அது கணக்கில் வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். அண்ணாச்சியின் மருமகள் ஷீலா, கம்பத்தில் பள்ளி ஆசிரியை. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தனியாக நடந்துபோய் முழங்காலிட்டார். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து, சும்மா உதடு நனைக்காமல் நன்றாகவே ஒரு மிடறு குடித்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு ஒரு வரிசை. பிறகு வரிசையே இல்லை, முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் கலந்து நடுவழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

எல்லோருக்கும் கடைசியாக அண்ணாச்சி வந்தார். சபையே போனபின் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் வந்தாரா, மனம் மாறி வந்தாரா, எனக்குத் தெரியாது. முழங்காலிட்டுக் கண்ணை மூடி, அப்பத்தை வாங்கிப் புசித்தார். தாவீது பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தான். திரும்ப மேசைக்குப் போய்ப் பாட்டிலைக் கவிழ்த்தான். ஒரு சொட்டு இல்லை.

பாதிப் பேர்தான் வருவார்கள் என்று அவனே முடிவு கட்டி, ஒரு பாட்டிலோடு நிறுத்தியிருக்கிறான். ரோசம்மாவுக்காகச் சண்டை போட்டவனுக்கே அவ்வளவு நம்பிக்கை!

"ரோசம்மா, இன்னொரு பாட்டில்..." என்றான்.

"வீட்டுல இருக்குய்யா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அடுத்த நொடி ரோசம்மா வாசலைத் தாண்டிவிட்டார்.

"எந்திரிச்சு உக்காருங்க அண்ணாச்சி, முழங்கால் வலிக்கும்" என்றான் தாவீது.

"இருக்கட்டும் பாஸ்டர். அந்தப் புள்ள வரட்டும்."

யாரோ பாட்டெடுத்தார்கள், சபை சேர்ந்துகொண்டது. நாலு சரணம் முடிந்து முதல் சரணத்துக்கே திரும்பினோம். எழுபது வயது மனிதர் பீடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலிலேயே இருந்தார். ரோசம்மா மூச்சிரைக்க, செருப்பில்லாத காலோடு ஓடிவந்து பாட்டிலை நீட்டினார். தாவீது ஊற்றி, மறுபடி ஜெபித்து, பாத்திரத்தைக் கொடுத்தான். அண்ணாச்சி குடித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணாச்சி ரோசம்மாவிடம் வந்தார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"நல்லாப் போட்டிருக்க ஆத்தா. இனிமே சீட்டே வேணாம். வருஷா வருஷம் நீயே போட்டுரு."

பெரிய மனதுதான். ஆனால் ரோசம்மா சாய்ந்த தலையோடு அவரை நேராகப் பார்த்தார்.

"வேணாங்க அண்ணாச்சி. சீட்டுப் போடுங்க. எல்லார் பேரையும் எழுதிப் போடுங்க, அது போதும்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "சரி, எழுதிருவோம்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. ஷீலா சட்டென்று கைதட்டினார். நானும் தட்டினேன், தாவீதும் தட்டினான்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். பஸ் நிறுத்தம் வரை ரோசம்மா கூடவே வந்தார். "என்ன வேணும் அக்கா, திராட்சை தரட்டா?" என்றார். முதலில் தீர்ந்துபோன அந்தக் காலிப் பாட்டிலைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்து, குழாயடியில் கழுவிக் கொடுத்தார்.

கணவாயில் திரும்பி இறங்கும்போது எங்கள் மதுரைச் சபையை நினைத்துக்கொண்டேன். ஏசி கோயில், பளபளக்கும் தரை, திருவிருந்துக்குத் தனித்தனிக் குட்டிக் கிண்ணம். சமத்துவ ஞாயிறு என்று பேனர்கூடக் கட்டுவோம். எங்களிடமும் ஒரு பை உண்டு, கமிட்டிக்குப் பெயர்கள் அதிலிருந்துதான் வருகின்றன. அதில் யார் யார் பெயரை எழுதுகிறார்கள் என்று முப்பது வருடமாக நான் கேட்டதில்லை. அந்தப் பாட்டில் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறேன். பையைக் குலுக்குவதற்கு முன்னால் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லப்போகிறேன்.