சூடேறினால் மட்டும் வரும் கோளாறு

டாக்சி ஸ்டாண்டில் அவனுக்கு வெண்ணெய் என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். திட்டு இல்லை ஐயா, பட்டம்! அவன் கியர் மாற்றினால் பின்சீட்டில் தூங்கும் குழந்தை விழிக்காது. படிப்பு ஏறவில்லை, கடை வைத்தான், விளங்கவில்லை. ஸ்டியரிங் ஒன்றுதான் அவன் சொன்ன பேச்சைக் கேட்டது. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவான், நடுவில் வாடகைக்கு ஓட்டுவான். "உங்க வண்டின்னா எங்களுக்குக் கவலையே இல்லண்ணே" என்று தாய்மார்கள் சொல்லும்போது அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவனுடைய வண்டிதான் நடுரோட்டில் குலுங்கிக் குலுங்கி நின்றது. காலையில் ஒரு குறையும் இருக்காது. சாது. ஓடி ஓடிச் சூடேறியதும் அதற்குப் பேய் பிடித்துவிடும். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் விடுகிறது என்று ஒரு மண்ணும் தெரியாது. பெடலிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஒரு எகிறு எகிறி அணைந்துபோகும்.

பட்டறை வைத்திருந்தது அவன் மனைவியின் தம்பி. சொந்த மச்சினன் என்பதால் திட்டவும் வசதியாக இருந்தது.

"மாமா, இங்க நல்லாத்தானே இருக்கு?" என்றான் மெக்கானிக், வாசலில் நின்ற வண்டியின் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு.

"இங்க நல்லாத்தான் இருக்கும். டாக்டரப் பாத்ததும் பல்வலி ஓடிப்போற மாதிரி. சூடாகட்டும் மாப்ள, அப்பறம் பாரு இதோட லட்சணத்த."

முதலில் கிளட்ச் ஆயிலை மாற்றினார்கள். பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் தொளதொளக்கும் என்றான் மெக்கானிக். சரியாகவில்லை. பிறகு கிளட்சைத் தள்ளும் சிலிண்டரை மாற்றினார்கள். அதுவும் இல்லை. கடைசியில் கியர்பாக்ஸையே இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்தார்கள். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேய்மானமே இல்லை. ஆனாலும் புதுசை மாட்டினான்.

மறுநாள் மாலையே, வண்டி நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, நாற்சந்தியின் நட்டநடுவில் அணைந்தது. பின்னால் வந்த பஸ் ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த பஸ் டிரைவர் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு விஷயம் எட்டியது. "வண்டிய சரி பண்ணுங்கண்ணே. இல்லன்னா நாங்க வேற வண்டி பாத்துக்குறோம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"நானும் கூட வர்றேன். சூடாகுற வரைக்கும் ஓட்டுங்க" என்று ஏறி உட்கார்ந்தான் மெக்கானிக்.

மண்டையைப் பிளக்கும் வெயில். ஊரை இரண்டு சுற்று சுற்றியதும் வண்டி தன் வேலையைக் காட்டியது. ஒரு மேட்டில் எகிறி அணைந்தது.

"பாத்தியா! பாத்தியா! நான் சொன்னா நம்ப மாட்டேன்னியே!" வெண்ணெய்க்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

"இன்ஜின் ஆறுறதுக்குள்ள எடம் மாறுங்க. நான் ஓட்டிப் பாக்குறேன்."

வெண்ணெய் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். மெக்கானிக் அதே மேட்டில் எடுத்தான். வழுக்கிக்கொண்டு போனது. நிறுத்தி நிறுத்தி எடுத்தான். பின்பக்கமாக ஏற்றினான். அதே சூடு, அதே வண்டி. ஒரு குலுக்கல் இல்லை. திரும்பி மேட்டின் அடிக்கே கொண்டுவந்து நிறுத்தினான். பிறகு குனிந்து அக்காள் புருஷனின் கால்களைப் பார்த்தான்.

"மாமா, எடது கால் செருப்பு எங்க?"

"கால்லதான் கெடக்கு."

கிடக்கவில்லை. இடம் மாறிய இடத்தில், ரோட்டில் கிடந்தது. கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு வண்டியைச் சுற்றி வந்திருக்கிறான். அவனுக்குத் தெரியவில்லை! மெக்கானிக் இறங்கி வந்து, கதவைத் திறந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"கண்ண மூடுங்க. நான் கட்டை விரலால அழுத்துறப்ப சொல்லுங்க."

"சரி, அழுத்து."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன் மாமா."

வெண்ணெய் கண்ணைத் திறந்தான். போன வாரம் வீட்டுத் தரையில் ரத்தம் கண்டு, யார் காலில் கண்ணாடி குத்தியது என்று மனைவி கேட்டதும், எனக்கில்லை என்று அவன் அடித்துச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. சர்க்கரை பாருங்கள் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டதும்தான்.

"காலைல எந்திரிச்சதும் கொஞ்சம் உணர்ச்சி இருக்கும் போல. உக்காந்து ஓட்ட ஓட்ட மரத்துப் போகுது. அந்த நேரத்துல வண்டியும் சூடாகிடுது. நாம வண்டி மேல பழி போட்டுட்டோம்" என்றான் மெக்கானிக்.

"போடா! ஒனக்குத் தொழில் தெரியல, என் கால்ல கோளாறுங்குற?" கத்தினான். கத்தினானே தவிர, குரல் பாதியிலேயே உடைந்தது.

மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. "என் பொண்ணும் இந்த வண்டிலதான் வர்றா மாமா" என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது?

பள்ளிக்கூடம் விடும் நேரம். சாவி மெக்கானிக்கிடமே இருந்தது. பிள்ளைகள் ஏறி, வழக்கம்போல ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். டிரைவர் இடம் மாறி உட்கார்ந்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மெக்கானிக்கின் மகள் பின்னாலிருந்து வெண்ணெயின் தோளைத் தட்டினாள்.

"மாமா, இன்னிக்கு ஏன் வண்டி குதிக்கல?"

"குதிரைக்கு லீவு விட்டாச்சும்மா" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு கால்தானே, கிளட்ச் இல்லாத வண்டிகூட இருக்கிறதே, எவனிடமாவது அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் ஆகாதா என்று உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான்.

அப்போது ஒரு சைக்கிள்காரன் திடுதிப்பென்று குறுக்கே வந்தான். மெக்கானிக் பிரேக் போட்டான். பக்கத்து சீட்டில் வெண்ணெயும் போட்டான், வெறும் தரையில், வலது காலால், இத்தனை வருஷப் பழக்கத்தில். வண்டி பத்திரமாக நின்றது. சைக்கிள்காரன் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

வெண்ணெய் குனிந்து பார்த்தான். வலது கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. கண்ணால் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. இன்னும் பலமாக அழுத்தினான். முழங்கால் நடுங்கியது, பாதத்தில் ஒன்றுமில்லை.

பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர்களை வைத்துக்கொண்டு இத்தனை நாள் குருட்டாம்போக்கில் பிரேக் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

"மாப்ள" என்றான், பிள்ளைகளுக்குக் கேட்காதபடி. "சாவிய எனக்குத் திருப்பித் தராத. நான் கால்ல விழுந்து கேட்டாலும் தராத."