படம் நின்றால் அவர் மேலே இருக்கிறார்

மத்தியானத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று படம் போய்விட்டால், எங்கள் ஜெலுத்தோங் வட்டார அடுக்குமாடியில் மற்றவர்கள் ஆண்டெனாவை ஆட்டிப் பார்ப்பார்கள். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் மலை உச்சியில் நிற்கும் டிவி கம்பத்தில் ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

அவருடைய வேலை அது. சாயம் பூசுவது, சிவப்பு விளக்கு மாற்றுவது, போல்ட் முடுக்குவது. ஆண்டெனாக்கள் இருக்கும் இடத்தைத் தாண்டி மனிதர் போக வேண்டுமென்றால் ஒளிபரப்பை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு வெந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் சொன்னார், ஏதோ தேத்தண்ணி கொஞ்சம் சூடு என்பதைப் போல. ஆக, படம் போனால் மேலே, படம் வந்தால் கீழே. இதைவிட நல்ல தகவல் எனக்கு யார் கொடுப்பார்கள்?

அக்கம்பக்கத்துக்கும் இது தெரிந்துபோனதுதான் தொல்லை. தொடர் நின்றதும் எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுவார், உன் வீட்டுக்காரர் எப்போது இறங்குவார் என்று. மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கும் நேரம் பார்த்து நிறுத்திவிட்டாராம். என் புருஷன் அங்கே அந்தரத்தில் தொங்குகிறார், இவருக்கு அறை விழுந்ததா இல்லையா என்று கவலை! விழுந்துவிட்டது அக்கா, போய்ப் படுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

அந்தக் கம்பத்துக்கு என் மகனைவிட வயது அதிகம். புதிதாக ஒரு அலைவரிசை வரும்போதெல்லாம் அதன் தலையில் பாரம் கூடியது. உச்சியிலிருந்த பெரிய ஆண்டெனாக்களை ஏற்றி மாட்டியவர்களில் இவரும் ஒருவர். பிறகு டிஜிட்டல் வந்து பழைய ஒளிபரப்பை நிறுத்தினார்கள். படம் நின்றால் எறும்பு மொய்க்கும் திரை போய்க் கறுப்புத் திரை வந்தது. கைப்பேசிக் கம்பெனிகளின் தட்டுகள் கம்பத்தின் இடுப்பில் ஒட்டிக்கொண்டன. எதிர்வீட்டு அக்காகூட இப்போது கைப்பேசியில்தான் தொடர் பார்க்கிறார். எங்கள் வீட்டில் மட்டும் நான் ஆண்டெனாவைக் கழற்ற விடவில்லை. மகன் கேலி செய்வான். செய்யட்டுமே.

போன வருடம் சர்க்கரை ஏறி, இனிப்புநீர் வியாதியால் அவருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. இனி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சும்மா விடுவேனா? சாமி படத்துக்கு முன் நிறுத்தி, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். கீழே நின்று மேற்பார்வை மட்டும்தான் என்றார்.

சில மாதங்களுக்கு முன், பயனில்லாமல் தொங்கிய அந்தப் பழைய ஆண்டெனாக்களைக் கழற்றும் வேலை வந்தது. அன்று காலையிலேயே படம் போனது. கீழேதானே நிற்கிறார், பேசலாம் என்று அழைத்தேன். ஏறுகிறவர்கள்தான் கைப்பேசியைக் கீழே கொடுத்துவிட்டுப் போவார்கள். எடுத்தவர் அவர்களை ஏற்றிப் போகும் லாரியை ஓட்டுபவர்.

"அக்கா, அண்ணே மேல இருக்காரு லா. தான் மாட்டுனத தானே கழட்டணுமாம். யாரு சொல்லியும் கேக்கல."

வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது கச்சேரி என்று பல்லைக் கடித்தேன். சோறு வடித்தேன், மீன் குழம்பை இறக்கினேன், கண் மட்டும் கறுப்புத் திரையிலேயே இருந்தது. வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்துக்குள் படம் வந்துவிடும். அன்று வரவில்லை. மறுபடி அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அந்தக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முருகா, அவரைக் கீழே கொண்டுவந்து விடு, ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் படம் வந்தது. யாரோ ஒரு அம்மாள் கேக் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் தானாக இறங்கினாரா, தூக்கி இறக்கினார்களா என்று படம் சொல்லாதே. வாசலுக்கும் சன்னலுக்குமாக நடந்தேன்.

லாரி வந்து நின்றது. தன் காலில்தான் நடந்து வந்தார். அவ்வளவுதான், முருகனிடம் சொன்னதெல்லாம் மறந்துபோய்த் திட்ட வாயைத் திறந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"எறங்கும்போது பாதியில கால் எங்க இருக்குன்னே தெரியல. கம்பிய கெட்டியா புடிச்சேன். அப்புறம் கை விடவே மாட்டேங்குது. கூட வந்தவங்க ஒவ்வொரு விரலா பிரிச்சுத்தான் எறக்குனாங்க" என்றார். விரல்களைப் பார்த்தபடியே, "பயமா இருந்துச்சு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பயப்படுவது என் வேலை. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. எத்தனையோ நாள் சண்டையில், உங்களுக்குப் பயமே கிடையாதா என்று கத்தியிருக்கிறேன்.

தட்டில் சோறு போட்டு வைத்தேன். விரல் மடங்கவில்லை. நானே பிசைந்து ஊட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாய்க்கு முன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பையனுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

சரி என்றேன்.