தாமரையின் வயிற்றுக்குள் வைத்தது யார்?

கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த தாமரைக்கு, நாற்பத்து நான்கு வயதில் சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்தது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. ஒரு தட்டு சோறு உள்ளே போனால் சற்று நேரத்தில் நீராக வெளியே போனது. முதலில் சீருடை தொளதொளத்தது. பிறகு ஒருநாள் கையில் கிடந்த வளையல் தானாகக் கழன்று குளியலறைத் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்துவிடுவோம் என்று அவள் முதன்முதலாக நினைத்தது அப்போதுதான்.

ஆரம்பம் சாதாரணமானது. முந்தைய ஆண்டு அவளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிறுவனம் காட்டிய கிளினிக்கில்தான் மருத்துவம். அங்கே ஒரே ஒரு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கொடுப்பார்கள். “நாளைக்கு வேலைக்குப் போகணும்ல, ஸ்ட்ராங்கா தரேன்” என்று சொல்லி, சோதனை எதுவும் செய்யாமல், கிருமிக்கொல்லி மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பார்கள். நின்றது, திரும்ப வந்தது, திரும்பவும் அதே மாத்திரை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் படுத்தால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் குடல் திரும்பத் திரும்பக் கொளுத்தப்பட்டது. அதை யாரும் செய்வினை என்று சொல்லவில்லை.

செய்வினை என்ற சொல் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

தாமரையின் கணவன் ஜெயராஜ் லோரி ஓட்டுகிறவன். அவன் தம்பி பாலனும் தம்பி மனைவி மலரும் அதே அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். தாமரை படுத்ததிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்தவள் மலர்தான். இதைக் கவனித்துக்கொண்டிருந்தவள் ஜெயராஜின் அக்கா அமுதவள்ளி.

“சாப்பிடச் சாப்பிட இளைக்கிறா. இது நோவு இல்லடா, மருந்து,” என்றாள் தம்பியிடம். “யாரோ சோத்துல வச்சிட்டாங்க. அது குடல்ல ஒட்டிக்கிட்டுத் தின்னுது.”

ஜெயராஜ் லோரிச் சாவியை எடுத்தான். எதிலும் ஒன்றும் சொல்லாதவன் அவன்.

செராஸில், வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கிற சாமி ஒருவர் இருந்தார். தாமரையைப் படுக்கவைத்து, தொப்புளில் ஒரு குழாயை அழுத்தி, வாயால் உறிஞ்சி, முடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றைத் தட்டில் துப்பினார். “பக்கத்திலேயே இருக்கிறவ. வயசுல சின்னவ. கையால ஊட்டுறவ” என்றார். மிச்சம் மீதி வெளியேறட்டும் என்று ஒரு கஷாயத்தையும் அமுதவள்ளி கையால் ஊற்றிக் குடிக்கவைத்தார். வாயில் ஒளித்து வைத்த உருண்டையைத் துப்பிக் காட்ட ஒரு ஆள், அதைப் பார்த்துக் கும்பிட ஒரு குடும்பம். எலும்பும் தோலுமாகக் கிடந்தவளுக்குப் பேதி மருந்து கொடுத்தவனை எந்தப் போலீசும் தேடி வரவில்லை.

தாமரை அந்தக் கஷாயத்தில் ஏறக்குறைய செத்தாள். உப்புச் சத்தெல்லாம் வடிந்து, நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ள, அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண் விழித்தபோது கழுத்து நரம்பில் ஊசி இருந்தது. உயிர் திரும்பியதும் அவளுக்கு வந்த முதல் நினைவு நன்றி அல்ல. சாமி சொன்னவள் மலர்தான் என்பதுதான். வாசலில் நின்ற மலரைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலர் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு கஞ்சி வரவில்லை.

அந்த மருத்துவமனையில் குடல் நோய்களைப் பார்த்தவர் டாக்டர் வசுந்தரா. காசநோய், புற்றுநோய், தைராய்டு என்று எல்லாவற்றையும் தேடி, எதுவும் இல்லை என்று கண்டார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்டச்சத்துப் பால் கொடுத்தார்கள். அதுவும் உடம்பில் தங்கவில்லை.

“குடல்ல கோடிக்கணக்கான கிருமிங்க குடியிருக்கு, தாமரை. எல்லாமே கெட்டது இல்ல. சோத்தை உடைச்சு உடம்புக்குக் கொடுக்க உதவுறதே அதுங்கதான். மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு உங்களுக்கு நல்லதெல்லாம் செத்துப்போச்சு. வேற ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து உள்ள வைக்கணும்.”

“எதுல இருந்து எடுப்பீங்க டாக்டர்?”

“மலத்துல இருந்து.”

தாமரை சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“இது ஆராய்ச்சி. சத்துக்குறைவு சரியாகும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. உங்க உடம்பு இருக்கிற நிலையில காய்ச்சல் வந்தா, கிருமி ரத்தத்துல ஏறினா, ஆபத்து. செய்யாம விட்டாலும் ஆபத்து. ரெண்டையும் சொல்லிட்டேன்.”

“பயமா இருக்கு டாக்டர்.”

“எனக்கும்தான்,” என்றார் வசுந்தரா.

கொடுப்பவர் வீட்டாரில் ஒருவராக இருக்கலாம் என்றார்கள். ஜெயராஜுக்குச் சர்க்கரை நோய். பாலன் போன மாதம்தான் பல்லுக்குக் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டிருந்தான். அமுதவள்ளி கேட்கப்படும் முன்பே மறுத்துவிட்டாள். ரத்தம், மலம் எல்லாச் சோதனைகளிலும் தேறியது ஒரே ஒருத்தி. கணவன் சொன்னதற்காகச் சோதனைக்கு வந்திருந்த மலர்.

“மலரா?” என்று தாமரை திரும்பக் கேட்டாள். வயிற்றுக்குள் எதையோ வைத்துத் தன்னைக் கொல்லப் பார்த்தவள் என்று யாரை நினைத்தாளோ, அவளிடமிருந்தே எடுத்து வயிற்றுக்குள் வைக்கப் போகிறார்கள். சாமி பொய்யன் என்பது அவளுக்குத் தெரியும். கஷாயம் என்ன செய்தது என்று அவள் உடம்புக்கே தெரியும். ஆனாலும் பயம் தெரிந்ததைக் கேட்டு நடப்பதில்லை. ஒருவேளை, ஒருவேளை என்று அது உள்ளே முனகிக்கொண்டே இருந்தது.

அவளைவிட மலர் பயந்திருந்தாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்றவள், உட்காரவில்லை.

“நான் கொடுக்க மாட்டேன்க்கா.”

“ஏன்?”

“நீ பொழைச்சா டாக்டர் காப்பாத்தினாங்கம்பாங்க. செத்தா நான் கொன்னேம்பாங்க. இப்பவே கோயில்ல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்றாங்க, தெரியுமா? என் புள்ளைய அமுதவள்ளி அக்கா தொடுறதில்ல. இன்னும் இதையும் கொடுத்தேன்னு வச்சிக்க, நான் எங்கக்கா ஓடுறது?”

தாமரைக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. மலர் போய்விட்டால் தன் உயிரும் போய்விடும்.

“நீ வச்சியா?” என்று கேட்டுவிட்டாள்.

மலர் அழவில்லை. “வச்சேன். தினமும் கஞ்சி வச்சேன். வேலைக்குப் போற அவசரத்துல, என் புள்ளைக்கு முன்னாடி உனக்கு வச்சேன். போதுமா?”

ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். தாமரை மலரின் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“அண்ணி, இவ எனக்கு எதுவும் வைக்கல. இவகிட்ட இருந்துதான் எடுத்து வைக்கப் போறாங்க. நான்தான் கேட்டேன்.”

அமுதவள்ளி முகத்தைச் சுளித்தாள். “சீ! போயும் போயும் இவ பீயையா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடி?”

“சாமி கொடுத்த கஷாயத்துல என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்களா? இல்லல்ல? இவளோடதைப் பத்து தடவ சோதிச்சிருக்காங்க.”

பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி, என்ன சண்டை என்று மலாய் மொழியில் நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் சொல்லாமல் நழுவினாள்.

எல்லார் முன்னாலும் தாமரை சொல்லிவிட்டதால் மலர் கொடுக்கச் சம்மதித்தாள்; மறுவாரம் செய்தார்கள். ஆய்வகத்தில் கரைத்து வடிகட்டிய பழுப்பு நீரை, மயக்கத்தில் இருந்தவளின் குடலுக்குள் குழாய் வழியே செலுத்தினார்கள். மந்திரம் இல்லை, குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் ஆளும் இல்லை.

அடுத்த நாள் காய்ச்சல் வந்தது.

தாமரைக்குப் பற்கள் தந்தியடித்தன. டாக்டர் வசுந்தரா ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அவர் நடையில் வேகம் கூடியதை எல்லாரும் பார்த்தார்கள். வெளியே நாற்காலியில் மலர் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அமுதவள்ளி லிஃப்டிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

“நான் சொன்னேன்ல! கொன்னுட்டா! எழுந்திரிடி, இந்த இடத்துல உக்காராதே!”

மலர் எழுந்தாள். போகப் போகிறவள்போல் பையை எடுத்தாள். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே தாமரை எல்லாவற்றையும் கேட்டாள். எழ முடியவில்லை. கணவனின் சட்டையைப் பிடித்தாள்.

“ஏங்க, நான் போனாலும் போயிடுவேன். நீங்க வாய் திறக்காட்டி அவளை உயிரோட கொளுத்திடுவாங்க. போய்ச் சொல்லுங்க.”

ஜெயராஜ் அவள் கையை மெல்ல விலக்கினான். பிறகு வெளியே போனான். திருமணமாகி இத்தனை ஆண்டில் அக்காவுக்கு எதிராக ஒரு சொல் பேசாதவன் அவள் முன்னால் போய் நின்றான்.

“அக்கா, வீட்டுக்குப் போ. தாமரையை அந்தச் சாமிகிட்ட லோரில ஏத்திக்கிட்டுப் போனது நான். கஷாயத்தை ஊத்தினது நீ. அவ செத்தா நம்ம ரெண்டு பேருதான் காரணம். மலர், நீ உக்காரு லா.”

அமுதவள்ளி லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு, அது வரும்வரை யாரையும் பார்க்காமல் நின்றாள்.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. ரத்தத்தில் கிருமி ஏறவில்லை. அந்த வார இறுதியில் தாமரை கொஞ்சம் சோறு தின்றாள். அது வெளியே ஓடவில்லை. மாதங்கள் போகப் போகக் கன்னத்தில் மெல்லச் சதை பிடித்தது. “குணமாயிடுச்சுன்னு சொல்லாதீங்க, இன்னும் பார்க்கணும்” என்றார் வசுந்தரா. தொழிற்சாலையில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி பெட்டி அடுக்குகிறாள். செராஸ் சாமியின் வீட்டு வாசலில் இன்றைக்கும் செருப்புகள் குவிகின்றன. வயிறு சற்றுக் கடமுடவென்றாலும் தாமரைக்குப் பயத்தில் உடம்பு வியர்க்கிறது. அப்போதெல்லாம் கீழ்த்தளத்துக்கு ஃபோன் அடிக்கிறாள். மலர் பாதி வேலையில் அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஓடி வருகிறாள், அவளும் வியர்த்துக்கொண்டு.